கெண்ட் நகரத்து வோல்டேஜ்

என் தங்கை நஸ்ரினுக்கு இதற்கு முன் இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போயிற்று, இன்னொன்று ஆறாம் மாதத்தில். மூன்றாவது முறை எட்டாம் மாதம் தொடங்கியபோது அவள் பெல்ஜியத்திலிருந்து போன் செய்து, நம்ம வீட்டு ஆள் யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலை என்றாள். அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாண்டிச்சேரியில், சாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர் என்பதால் என்னை அனுப்புவது என்று முடிவாயிற்று. அங்கே ஆஸ்பத்திரியிலும் கடையிலும் பிரெஞ்சுதான், இவள் போனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள் என்று அத்தா சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன், கொஞ்சம் பெருமையாகவே.

டிசம்பர் விடுமுறை. கணவர் துணிக்கடையை விட்டு வர முடியாது. பன்னிரண்டு வயது ஆயிஷாவையும் ஏழு வயது ஃபைசலையும் என்னோடு அழைத்துக்கொண்டேன். புடவைக்கு மேல் போட நான் தைத்த கம்பளிக் கோட்டைப் பார்த்து ஆயிஷா விமான நிலையத்திலேயே எனக்குப் பத்தடி தள்ளி நடக்க ஆரம்பித்தாள்.

கெண்ட் என்பது ஊரின் பெயர். நான் படித்த பிரெஞ்சு வரைபடத்தில் அது 'காந்' என்றிருக்கும். ரயில் நிலையத்தில் அந்தப் பெயரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. கடைசியில் ஃபைசல்தான் பலகையைக் கண்டுபிடித்தான். இது பிரெஞ்சு பேசுகிற ஊர் இல்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்வதற்கு முந்தின நாள் நஸ்ரினை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, குழந்தை எடை குறைவு. வயிற்றில் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாள் நல்லது, அதனால் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ இப்புடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இங்க உக்கார வேணாம்க்கா. பகல்ல ரியாஸ் இருக்காரு. நீ புள்ளைங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டு. சாயந்திரம் வந்து என்னா பாத்தீங்கன்னு எனக்குச் சொல்லு. மூணு வருஷமா இங்க இருக்கேன், பாதி ஊரு பாக்கல."

ரியாஸ் அவளுடைய கணவர். சாதுவான மனிதர், ஆபீசுக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்து நாற்காலியிலேயே குடியிருந்தார். இப்படியாக, பிரசவம் பார்க்க வந்த நான் ஊர் பார்க்கக் கிளம்பினேன்.

முதல் நாள் காலை ரொட்டிக் கடைக்குப் போனேன். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே சுத்தமான உச்சரிப்பில் கடைக்காரம்மாவுக்கு வணக்கம் சொல்லி ரொட்டி கேட்டேன். அவள் புரிந்துகொண்டாள், அது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் விடவில்லை, மறுபடி பிரெஞ்சில் ஒரு வாக்கியம். அவள் மறுபடி ஆங்கிலம். பாண்டிச்சேரியில் நாலு வார்த்தை பிரெஞ்சு பேசினால் பேங்க்கில் நாற்காலி போடுவார்கள். இங்கே என்னவென்றால் ரொட்டிக் கடையில் என் பிரெஞ்சு செல்லாக் காசாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது நன்றிக்கு அவளே பிரெஞ்சில் 'மெர்சி' என்றாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் இவர்களுக்கு வேண்டியிருக்கிறது போலும் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

டிராமில் எதிர்த்திசையில் ஏறி, கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டோம். வண்டி காலியானதும் ஓட்டுநர் எழுந்து வந்து எங்களைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆயிஷா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தாள். அவர் சிரித்துவிட்டு, அப்படியே உட்காருங்கள், நானும் திரும்பிப் போக வேண்டியவன்தானே என்றார். ஊருக்குள் வந்து இறங்கி ஒரு கல்பாலத்தின் மேல் ஏறினோம். பனி விலகியிருந்தது. மூன்று கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஒரு மாதா கோயில், அதன் பின்னால் மணிக்கூண்டு, அதன் பின்னால் இன்னொரு பெரிய கோயில். மூன்றும் கல். மூன்றும் வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. நம் ஊரில் பழைய வீடு என்றால் இருநூறு வருஷம் என்று சொல்லி டூரிஸ்டுகளிடம் மார் தட்டிக்கொள்வோம். இங்கே அந்த வயதுடைய வீட்டைப் புதுவீடு என்பார்கள்.

கோட்டை ஊருக்கு நட்டநடுவில் இருக்கிறது. எங்கோ மலையுச்சியில் அல்ல, டிராம் தண்டவாளத்துக்கும் சாக்லேட் கடைக்கும் பக்கத்தில், சுற்றிலும் தண்ணீரோடு. உள்ளே வாள்களும் ஈட்டிகளும் சித்திரவதைச் சாமான்களும் வைத்திருந்தார்கள். ஆயிஷா கண்ணை மூடிக்கொண்டாள். ஃபைசலுக்கு இவை எதுவும் பெரிதாகப் படவில்லை. சுவரில் வெளியே துருத்திக்கொண்டிருந்த பிரபுவின் கக்கூஸைக் கண்டதும்தான் அவன் முகம் மலர்ந்தது. கல்லில் ஒரு ஓட்டை, கீழே நேராக அகழி. ராஜாவாக இருந்தாலும் இந்தக் குளிரில் எப்படி உட்கார்ந்தார் என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தான்.

சாயந்திரம் நஸ்ரினிடம் ஃபைசல்தான் கதை சொன்னான். கோட்டையைப் பற்றிய அவன் கதையில் கக்கூஸைத் தவிர வேறு அறை எதுவும் இல்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றில் கட்டியிருந்த பெல்ட்டிலிருந்து குழந்தையின் இதயத்துடிப்பு டபடபவென்று குதிரை ஓடுவது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒவ்வொரு முறை இடறும்போதும் ரியாஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

நஸ்ரினின் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ரீட்டா என்று எழுபது வயது தாண்டிய அம்மாள் ஒருவர் தனியாக இருந்தார். பாண்டிச்சேரியிலேயே எனக்கு மூன்று ரீட்டாக்களைத் தெரியும், அதனால் இவரிடமும் உரிமை வந்துவிட்டது. மறுநாள் பிரியாணி செய்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். மேல்வீட்டுப் பெண்ணின் அக்கா நான், தங்களைச் சந்திப்பதில் மகிழ்ச்சி என்று பிரெஞ்சில் ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். ரீட்டா அம்மாள் கடைசிவரை கேட்டார். பிறகு என்னைவிடச் சுத்தமான பிரெஞ்சில், சாப்பாடு ஆகிவிட்டது, நன்றி என்று சொல்லிக் கதவை மூடிவிட்டார். மணி ஆறுகூட ஆகவில்லை. கிண்ணத்தோடு படியேறி வந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிரியாணியை நானே சாப்பிட்டேன்.

நஸ்ரினிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, அந்தம்மாகிட்டயா ப்ரெஞ்சு பேசுன? அவங்க அப்பா இங்க நூல் மில்லுல வேல பாத்தவராம். அந்தக் காலத்துல மில்லு மொதலாளிங்க எல்லாம் ப்ரெஞ்சு, கூலிக்காரங்க இந்த ஊரு பாஷ, ஃப்ளெமிஷ். ப்ரெஞ்சு பேசிக்கிட்டு யாராவது கதவத் தட்டுனா அவங்களுக்கு மொதலாளி வந்த மாதிரிதான்க்கா இருக்கும்."

அன்று டிராமில் திரும்பும்போது தாத்தாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் தாத்தாவும் மில்காரர்தான். முதலியார்பேட்டைப் பக்கம் ஆலையில் தறி ஓட்டியவர். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் இரண்டு வார்த்தை, இரண்டும் மேஸ்திரி திட்டுவதைக் கேட்டுக் கற்றது. கோபம் வந்தால் ஆட்டுக்குட்டியைக்கூட அந்த வார்த்தைகளில்தான் திட்டுவாராம். அதனால்தான் அத்தா எங்கள் இருவரையும் பிரெஞ்சு படிக்க வைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டுமென்று. உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, இந்தப் பக்கம் நின்றவர்களின் காதில் அது எப்படி விழும் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

மறுநாள் காலை படியிறங்கும்போது ரீட்டா அம்மாள் வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார், பனியில் வழுக்காமல் இருக்க. இந்த முறை ஆங்கிலத்தில், என் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த இரண்டு வார்த்தைகள் என்ன என்று கேட்டார். பிள்ளைகள் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னேன். உப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவருடைய அப்பாவுக்கும் அதே இரண்டுதான் தெரியுமாம்.

அதன்பிறகு அவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் மஃப்ளரை இறுக்கிக் கட்டச் சொல்லுவார். அன்று நாங்கள் எங்கே போகிறோம் என்று விசாரித்து, படகில் போகச் சொன்னதும் அவர்தான்.

படகு கண்ணாடிக் கூரை போட்டது, உட்காரக் கம்பளி கொடுத்தார்கள். ஆற்றின் இரண்டு கரையிலும் படிப்படியான முகப்புகளோடு வீடுகள். தானியம் அளந்தவர்களின் வீடு, படகோட்டிகளின் வீடு, கொத்தனார்களின் வீடு என்று படகுக்காரர் காட்டிக்கொண்டே வந்தார். ராஜாக்களின் மாளிகைகள் என்று நான் நினைத்தவை எல்லாம் தொழில் செய்தவர்களின் சங்கக் கட்டடங்கள். மீன் மார்க்கெட்டுக்கு ஒரு வாசல் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், உச்சியில் கடல் தேவன் சூலத்தோடு நிற்கிறான், இரண்டு பக்கமும் சிலைகள். எங்கள் ஊர்த் தேங்காய்த்திட்டு மீன் துறையில் விடிகாலையில் சேற்றில் நின்று ஏலம் கூவுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் யாராவது இப்படி ஒரு வாசல் கட்டித் தரக் கூடாதா என்று உண்மையாகவே பொறாமையாக இருந்தது.

அந்த மீன் மார்க்கெட் வாசலுக்கும் கோட்டைக்கும் நடுவில் கல் பாவிய ஒரு சதுக்கம். படகை விட்டிறங்கி அங்கே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த ஊரில் டிசம்பர் மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திடீரென்று அத்தனை விளக்கும் ஒன்றாகப் பிரகாசமாகி, மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு இறங்கின.

"வோல்டேஜும்மா," என்றான் ஃபைசல்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாரத்தில் வெயில் காலத்தில் ஃபேன் ஓடி ஓடி நிற்கும்போதெல்லாம் இந்த நாட்டில் எதுவும் உருப்படாது என்பார் என் கணவர். அவருக்குச் சொல்ல ஒரு செய்தி கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி பாண்டிச்சேரிக்குப் பேசும்போது வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்கு முன்னால் நஸ்ரினிடம் சொல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

படகு, வீடுகள், கடல் தேவன் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் வோல்டேஜ் கதையை எடுத்தேன். ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டார். நஸ்ரின் சிரிக்கவில்லை.

"அது வோல்டேஜ் இல்லக்கா. இங்க ஆஸ்பத்திரிங்கள்ல ஒரு பட்டன் வச்சிருக்காங்க. கொழந்த பொறந்தா அப்பாவோ அம்மாவோ போயி அத அமுக்கலாம். அமுக்குனா அந்த சதுக்கத்துல இருக்கற லைட்டெல்லாம் ஏறி எறங்கும். ஊருக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காங்கன்னு."

பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டாவது போனதுலேருந்து நான் அந்தப் பக்கமே போறதில்ல. டிராம் அந்த வழியாப் போகும்னு ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடந்து வந்துடுவேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷமாக வாரம் தவறாமல் போனில் பேசியிருக்கிறோம். குழம்புக்கு என்ன வைத்தாய் என்று கேட்டிருக்கிறேன், எந்த வழியாக வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டதில்லை. அன்று பாண்டிச்சேரிக்குப் பேசியபோது வோல்டேஜ் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நஸ்ரின் விளக்கியபோது வெளியே வராந்தாவில் இருந்த ஃபைசல் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். அங்கேயும் வோல்டேஜ் தொல்லையாமே என்று அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் மனநிம்மதியாகச் சிரித்து நாளாகியிருந்தது. நான் திருத்தவில்லை.

மறுநாள் பெரிய கோயிலுக்குள் இருக்கும் புகழ்பெற்ற ஓவியத்தைப் பார்க்கப் போனோம். கதவு கதவாகத் திறந்து விரிகிற மரப்பலகைகளில் தீட்டியது. அதன் நடுவில் பச்சைப் புல்வெளி, ஒரு மேடை, மேடையின் மேல் ஒரு செம்மறி ஆடு. நெஞ்சிலிருந்து ரத்தம் கிண்ணத்தில் விழுகிறது, ஆடு நின்றுகொண்டே நம்மைப் பார்க்கிறது. ஆட்டுக் கண் இல்லை அது, மனிதக் கண். 'குர்பானியாம்மா?' என்று ஃபைசல் ரகசியமாகக் கேட்டான். இவர்களுடைய நம்பிக்கையில் அதுவும் ஒரு தியாகம்தான் என்று சொன்னேன். புல்லில் ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக வரைந்திருந்தார்கள், இலையின் நரம்புகூட விடவில்லை. ஆறு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு மனிதன் இத்தனை பொறுமையாக ஒரு புல்லைப் பார்த்திருக்கிறான். நான் வேற்று மார்க்கத்துக்காரி, ஆனாலும் அங்கேயே நின்று நஸ்ரினுக்காக மனதுக்குள் துஆ செய்தேன். இறைவன் கேட்பதற்கு இடம் ஒரு பொருட்டா என்ன?

வெளியே வந்ததும் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினோம். அந்த நாட்டில் அதுதான் பெருமைக்குரிய பதார்த்தம், காகிதக் கூம்பில் மலை மாதிரி குவித்துத் தருவார்கள். முதல் துண்டை வாயில் போடப் போன நேரத்தில் எனக்கு ஏனோ சந்தேகம் வந்தது. எதில் பொரித்தீர்கள் என்று கேட்டேன். மாட்டுக் கொழுப்பில் என்று கடைக்காரர் மிகுந்த பெருமிதத்தோடு சொன்னார். ஹலாலா என்ற கேள்விக்கே இடமில்லை. ஃபைசலின் கையிலிருந்த கூம்பைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துவிட்டேன். அவன் அழுத அழுகையைக் கேட்டு ஒரு துருக்கிக்காரர் நின்றார். விஷயத்தைக் கேட்டு, துருக்கிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு வழி சொன்னார். அங்கே கொடுத்த பருப்பு சூப்பில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தபோது நோன்புக் கஞ்சி குடித்த மாதிரி உடம்பு சூடாயிற்று.

அந்தச் சூப்பு முடிவதற்குள் ரியாஸ் போன் செய்தார். அழுத்தம் மிகவும் ஏறிவிட்டது. இனி காத்திருக்க முடியாது, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். உள்ளே அவர் ஒருவரைத்தான் விடுவார்கள், நான் வந்தாலும் கீழே வரவேற்பறையில்தான் உட்கார வேண்டும் என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பையை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஆபரேஷன் என்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன், இரண்டு முறை தொழுதேன். ரீட்டா அம்மாள் படியேறி வந்து கதவில் நின்றார். ஆயிஷா அவரிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். ஆயிஷா சொல்லி விளக்கின் கதை தெரிந்திருந்த ஃபைசல் அப்போதுதான் கேட்டான்.

"நம்ம அந்த லைட்டுகிட்ட போயி நிக்கலாமாம்மா? சின்னம்மா அமுக்குனா யாராவது பாக்கணும்ல."

ரீட்டா அம்மாளுக்கு ஆயிஷா மொழிபெயர்த்தாள். அவர் தன் கோட்டை எடுக்கக் கீழே போனார்.

நாங்கள் நால்வரும் சதுக்கத்தில் போய் நின்றபோது இருட்டிக்கொண்டிருந்தது. கோட்டைச் சுவர் கறுப்பாக நின்றது. டிராம்கள் போயின. கால் விரல்கள் மரத்துவிட்டன. முதல் முறை விளக்குகள் ஏறியபோது நான் ஆயிஷாவின் தோளைப் பிடித்தேன். போன் வரவில்லை. அது வேறு யாருடைய பிள்ளையோ. சைக்கிளில் போன ஓர் ஆள் காலூன்றி நின்று, அண்ணாந்து பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். இந்த ஊர் எனக்கு அப்போது விளங்கியது. கோபுரங்களும் கோட்டையும் எந்த ஊரிலும் இருக்கலாம். முகம் தெரியாத ஒருத்தி பெற்ற பிள்ளைக்குத் தெருவிளக்கை ஏற்றிக் காட்டுகிற ஊரை நான் பார்த்ததில்லை. இரண்டாவது முறை ஏறியது. போன் வரவில்லை. நஸ்ரின் ஏன் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள் என்பதும் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அடுத்தவர் சந்தோஷத்தின் கீழே வெறுங்கையோடு நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஃபைசல் ரீட்டா அம்மாளின் கோட்டுக்குள் பாதி புகுந்திருந்தான். அவர் ஏதோ பாட்டை மெல்ல முனகிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. ரியாஸ் அழுதுகொண்டே பேசினார். முதலில் அவர் அழுவதற்கு நான் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"பொண்ணுக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. சின்னதா இருக்கா, கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க, ஆனா என்னா சத்தம் போடறா தெரியுமா. காதுல பாங்கு சொல்லிட்டேன். பட்டன நஸ்ரின்தான் அமுக்குவாளாம், இப்ப வெளிய கூட்டிட்டு வராங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

சதுக்கத்தில் என்றேன். போனில் அவர் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு என் தங்கையின் குரல், பஞ்சு மாதிரி, எங்கோ தூரத்திலிருந்து: "போன வச்சுட்டு மேல பாருக்கா."

வைத்தேன். வைத்த கையோடு அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். பாண்டிச்சேரியில் எல்லோரும் படுத்திருக்க வேண்டிய நேரம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். கூடத்து விளக்கின் கீழே, தலையில் முக்காட்டோடு, கையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தாள். என்னாச்சு என்று மட்டும் கேட்டாள். போனை விளக்குகள் பக்கம் திருப்பினேன்.

அவை ஏறின. மெதுவாக, அவசரமே இல்லாமல், கோட்டைச் சுவரின் ஒவ்வொரு கல்லும் தெரிகிற அளவுக்கு ஏறின. கடல் தேவனின் சூலம் பளபளத்தது. ஃபைசல் கத்திக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி ஓடினான். ரீட்டா அம்மாள் என் முழங்கையைப் பிடித்து, 'ப்ரோஃபிசியாட்' என்றார். வாழ்த்துச் சொல்லும் அவர்கள் மொழி வார்த்தை அது. நான் 'மெர்சி' என்றேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு நல்ல வார்த்தையாவது இருந்ததே.

"என்னாடி இது, ஆளையே காட்டாம லைட்டக் காட்டற?" என்றாள் அம்மா. "அங்க மறுபடியும் வோல்டேஜ் ஏறி எறங்குதா?"

"வோல்டேஜ் இல்லம்மா. ஒம் பேத்தி."

பிறகு ஆயிஷா என் கையிலிருந்து போனை வாங்கி, பட்டன், சதுக்கம், சின்னம்மா என்று எல்லாவற்றையும் விளக்கினாள். அம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று மூன்று முறை சொன்னாள். பிறகு முகத்தைப் போனுக்கு மிக அருகில் கொண்டுவந்தாள்.

"கண்ணு கலங்குனதுல நான் சரியாவே பாக்கலடி. இன்னொரு வாட்டி போடச் சொல்லு."

"அதுக்கு இங்க யாருக்காவது இன்னொரு கொழந்த பொறக்கணும்மா."

"பொறக்கட்டுமே," என்றாள் அம்மா. "நான் இருக்கேன்."